ஊதாத் தண்டும் என் பூச்சிகளும்

வூஹான்,
6 டிசம்பர் 1983.

அன்புள்ள சுய்லானுக்கு,

உன் கணவன் பெய்லின் எழுதுவது. கணவன் என்று நானே போட்டுக்கொள்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று. இங்கே நானும் என் பூச்சிகளும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய். டிசம்பரிலும் அரைக்கைச் சட்டையோடு திரிகிற ஹைனான் தீவில் இருப்பவளிடம் போய் சுகமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்.

விதைப் பொட்டலம் வந்து சேர்ந்தது. தபாலை வாங்கி வந்தது துங் அக்கா. நாற்றுத் தட்டுகளில் விதை போடுவது அவள் வேலை. ஊரார் தபாலையெல்லாம் தடவிப் பார்ப்பது அவளாக எடுத்துக்கொண்ட வேலை. "மெத்துனு இருக்குப்பா, உம் பொண்டாட்டி உனக்குக் கையுறை பின்னி அனுப்பியிருக்கா போல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நானும் மடையன் மாதிரி பல்லை இளித்துக்கொண்டு அங்கேயே பிரித்தேன். உள்ளே காலுறை. ஷாங்காயில் வரிசையில் நின்று, முன்னால் நின்ற அம்மாளோடு சண்டை போட்டு, உனக்காக வாங்கி வந்தேனே, அதே பழுப்பு நைலான் காலுறை. முழங்காலுக்குக் கீழே வெட்டி, வாயைக் கட்டி, அதற்குள்ளே அங்கே உன்னோடு வேலை செய்கிற வெய்யின் காட்டு நெல்லுக்குப் பிறந்த விதைகளைச் சின்னச் சின்னக் காகித மடிப்புகளாகப் போட்டு அனுப்பியிருக்கிறாய். துங் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

காட்டு நெல் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும், அதன் பிள்ளைகளுக்கும் அந்தப் புத்தி இருக்கும், கதிருக்கு மெல்லியதாக ஓர் உறை மாட்டாவிட்டால் எல்லாம் சேற்றில் விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தத் தீவில் வேறு துணியே இல்லையா? வெய்க்குச் சொந்தமாக ஒரு காலுறை கிடையாதா? கிடையாதுதான். அவன் வெறுங்காலோடு வயலில் நடப்பான் என்று போன கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய், என்னவோ மலையைப் பெயர்த்த மாதிரி.

அந்த ஆள் எருமைக் குளத்து ஓரத்தில் ஏதோ ஒரு காட்டு நெல்லைக் கண்டுபிடித்தான், நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான், நான் இங்கே வளர்க்கிற இதே பூச்சி, அதைத் தொடுவதில்லை என்று கவனித்தான், ஒத்துக்கொள்கிறேன். குவாங்ஸிக்காரனுக்குக் குளமும் எருமையும் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதை உன்னுடைய நல்ல நெல்லோடு கலந்தீர்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுப்பகலில், நெற்பூ திறக்கிற நேரத்தில், நீ கதிரைப் பிடிக்க அவன் மகரந்தம் தட்ட, இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட நிற்கிற அந்தப் படத்தை யார் எடுத்தது? எடுத்தவன் எடுத்தான், அதை நம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னது யார்? சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். சோற்றுக் கிண்ணத்தோடு ஒவ்வொரு நாளும் தாண்டுகிறேன். "தொப்பி ரெண்டும் முட்டிக்குது பாரு" என்று துங் அக்கா ஒவ்வொரு நாளும் சொல்கிறாள்.

இன்னொரு சேதி. நம் பிரிவுத் தலைவர் மௌ என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இந்த விதைகளில் ஒரு வரிசையாவது என் பூச்சிகளுக்குத் தாக்குப்பிடித்தால், தீவில் வருஷம் முழுக்க ஒரு குழு வைக்கப் போகிறார்களாம். நீயும் வெய்யும் அதற்குப் பொறுப்பு. உன் குடும்பப் பதிவையே அங்கே மாற்றிவிடுவார்களாம், பிறகு நீ அந்த ஊர்க்காரி. ஒன்றுமே நிற்காவிட்டால், இதே விதைகளில் நீங்கள் அங்கே விதைத்திருக்கிற மறுபாதியை உழுது தள்ளிவிட்டு, வசந்தத்தில் நீ வீட்டுக்கு வந்துவிடுவாயாம். நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடு சொன்னார். நீ இதைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அடித்தண்டின் உயரம், கதிரின் நீளம், மழை, எலி, எல்லாம் எழுதியிருக்கிறாய்.

ஆக, என் பெண்டாட்டி வீட்டுக்கு வருவதும் வராததும் என் பூச்சிகளின் வாயில் இருக்கிறது. சரி. அவற்றுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்க்கிறேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். முட்டாத மாதிரி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
பெய்லின்


வூஹான்,
28 டிசம்பர் 1983.

அன்புள்ள சுய்லானுக்கு,

உன் பதில் வந்தது. "கிழிஞ்ச காலுறை, அதுக்கு இவ்வளவு பெரிய கடிதமா" என்று கேட்டிருக்கிறாய். எந்தக் கால் கிழிந்தது, எப்போது கிழிந்தது, அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? தீவில் வருஷம் முழுக்க இருக்கப் போகிற வேலை பற்றிக் கேட்டதற்கு, "முதலில் வரிசை நிற்கட்டும், பிறகு பேசலாம்" என்று எழுதியிருக்கிறாய். அது பதில் இல்லை. வியாபாரி பேசுகிற பேச்சு.

உன் விதைகள் முளைத்துவிட்டன. விதை போடுகிறவள் எண் மட்டும் எழுதி வைப்பாள், எந்த வரிசை யாருடையது என்று பூச்சி விடுகிறவனுக்குச் சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். துங் அக்காவும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள், அவள் வாழ்க்கையில் வாய் மூடியிருக்கிற நேரம் அது ஒன்றுதான். ஆனால் என்ன பிரயோசனம்? இரண்டாவது இலை வந்ததும் தட்டைப் பார்த்தேன். மற்ற வரிசைகளெல்லாம் அடியில் வெள்ளைப் பச்சை. நடுவில் ஆறேழு வரிசை மட்டும் அடித்தண்டு ஊதா. காட்டு நெல்லின் நிறம். குழந்தையின் மூக்கைப் பார்த்துத் தகப்பன் யார் என்று ஊரே சொல்கிற மாதிரி, அந்தத் தண்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, சுய்லான். நமக்கு இத்தனை வருஷத்தில் ஒன்றும் பிறக்கவில்லை. உனக்கும் அவனுக்கும் ஒரே வெயில் காலத்தில் ஒரு தட்டு நிறையப் பிறந்து நிற்கிறது. பைத்தியக்காரப் பேச்சு என்பாய். பைத்தியம்தான்.

குளிர் பலமாக இருக்கிறது. வீட்டில் கெட்டிலில் இருக்கிற தண்ணீர் காலையில் கல்லாகிவிடுகிறது. மனுஷனுக்கு அடுப்புக் கரி கிடையாது, பூச்சி அறைக்கு உண்டு. அதனால் நான் பகலெல்லாம் பூச்சி அறையிலேயே இருக்கிறேன். என் சட்டையிலெல்லாம் அவற்றின் பிசுக்கு. சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தை இனிப்பாகப் பீய்ச்சுகிற ஜென்மம் வேறு எங்கேயாவது உண்டா? போன கோடையில் நீ என் சட்டையைத் துவைத்துக்கொண்டே, "சர்க்கரை ஆலைக்காரனைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாய். அதை நினைத்துக்கொண்டேன்.

அங்கே தாமரைக் கிழங்கு கிடைக்காதே, சூப்புக்கு என்ன செய்கிறாய்? தேங்காயைப் போட்டுக் கொதிக்க வைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைச் சூப் என்று என்னிடம் சொல்லாதே.

பெய்லின்


வூஹான்,
21 ஜனவரி 1984.

அன்புள்ள சுய்லானுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லப் போகிறேன். யார் மூலமாகவாவது உனக்கு வந்து சேரும், துங் அக்காவுக்கு எழுதத் தெரியும். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

என்னிடம் இரண்டு கூண்டு உண்டென்று உனக்குத் தெரியும். ஒன்று சாதுக் கூண்டு. புகையானுக்கு எந்த எதிர்ப்பும் காட்டாத தைச்சுங் நெல்லிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்கிற பூச்சிகள், மென்மையானதைத் தின்று பழகியவை. முதல் சோதனைக்கு அவற்றைத்தான் விட வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இன்னொன்று முரட்டுக் கூண்டு. இந்தியாவின் தென்கோடியிலிருந்து ஒரு நெல் வந்ததே, அம்பாசமுத்திரம் என்று ஓர் ஊர், அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அந்த நெல்லில் புகையான் வாய் வைத்தால் பட்டினி கிடந்து சாகும். அப்படிப்பட்ட நெல்லை மட்டும்தான் அந்தக் கூண்டுக்குப் போட்டு வந்தேன். முதலில் கூண்டு முழுக்கச் செத்தது. ஏதோ ஒன்றிரண்டு பிழைத்தது. பிழைத்ததன் பிள்ளைகள் கொஞ்சம் தின்றன, அவற்றின் பிள்ளைகள் இன்னும் தின்றன. இப்போது அந்த நெல்லையே சோறு மாதிரி தின்கின்றன. செடிக்குப் பரம்பரையாக ஒரு பூட்டு இருந்தால், பூச்சிக்கும் பரம்பரையாகச் சாவி வந்துவிடுகிறது. அந்த முரட்டுக் கூண்டுக்கு முன்னால் இதுவரை ஒரு நெல்லும் நின்றதில்லை.

நான் உன் தட்டில் விட்டது முரட்டுக் கூண்டை.

விட்டது மட்டுமில்லை. ஊதாத் தண்டுகளின் மேலே, பூச்சி மொய்த்த கூண்டுச் செடிகளைத் தட்டியபோது கொஞ்சம் ஓங்கியே தட்டினேன். குஞ்சுகள் மழை மாதிரி விழுந்தன. துங் அக்கா பார்த்துவிட்டாள். "ஏம்ப்பா பெய்லின், அது தப்பான கூண்டு" என்றாள். தெரியும் என்றேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இது சோதனையா, இல்ல பொறாமையில வஞ்சம் தீர்க்கிறியா?" என்று கேட்டாள். வயலில் வருகிற பூச்சி சாதுவா முரடா என்று யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது, நின்றால் இதில் நிற்கட்டும் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி பதில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உம் மூஞ்சியும் ஊதாவாத்தான்யா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உனக்குக் கோபம் வரட்டும். எனக்கு இரண்டு மாதமாக வருகிறது.

அடுத்த நாளே பனி பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை, நடைபாதையே தெரியவில்லை. கரி வண்டி வரவில்லை. பூச்சி அறைக் கரி தீர்ந்துபோனது. மௌ வந்து பார்த்துவிட்டு, "வேற வழி இல்ல, பூச்சி செத்தா செத்ததுதான், சோதனைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம், யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க" என்றார். யோசித்துப் பார் சுய்லான். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பூச்சி சாகும், சோதனை நிற்கும், உங்கள் வயல் பூக்கிற நேரத்துக்குள் முடிவு வராது, நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். என் மேல் ஒரு பழியும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குப் போய் நம் கட்டில் பலகைகளைத் தூக்கி வந்தேன். இரண்டு பெஞ்சுகளுக்கு மேலே போட்டிருக்கிறோமே, அந்தப் பலகைகள். உன் பக்கத்துப் பலகைகளை மட்டும்தான் எடுத்தேன். நீதான் படுக்க வரப்போவதில்லையே. அவற்றைக் கோடரியால் பிளந்து பூச்சி அறை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. கற்பூர மரம், அறையெல்லாம் வாசனை. பூச்சிக்கு அந்த வாசனை ஆகாது என்று புகைக்குழாயை வேறு இழுத்துக் கட்டினேன்.

நல்ல மனசோடு செய்தேன் என்று நினைத்துவிடாதே. அவை குளிரில் விறைத்துச் செத்தால் வெய்யின் செடி தப்பித்துக்கொள்ளும். "சோதனை நடந்திருந்தால் நின்றிருக்கும்" என்று அவன் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான். நீயும் நம்புவாய். அது எனக்கு வேண்டாம். என் பூச்சிகள் உயிரோடு இருக்க வேண்டும், அந்த ஊதாத் தண்டுகளைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டும், அவை மஞ்சளாகி, பழுப்பாகி, வைக்கோலாகிச் சரிவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கட்டிலை எரித்தேன்.

பனி இன்னும் விடவில்லை. வெளியே ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை, இந்த ஊர்க் குளிரில் புகையான் எங்கே பிழைக்கும்? ஒவ்வொரு கோடையிலும் தெற்குக் காற்றில் ஏறி உங்கள் தீவுப் பக்கமிருந்துதான் புதிதாக வந்து இறங்குகிறது. பூச்சிகூட வருஷத்துக்கு ஒரு தடவை தெற்கிலிருந்து வீடு தேடி வருகிறது என்று துங் அக்காவிடம் சொன்னேன். "எழுது, எழுது, இதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெய்லின்


வூஹான்,
1 பிப்ரவரி 1984, வசந்த விழாவுக்கு முந்தின நாள்.

அன்புள்ள சுய்லானுக்கு,

எல்லோர் வீட்டிலும் சூப் கொதிக்கிறது. மாடிப்படியெல்லாம் எலும்பும் தாமரைக் கிழங்கும் மணக்கிறது. நான் பூச்சி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். துங் அக்கா ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது, கடித்தால் நூல் நூலாக வருகிறது. நீ வைக்கிற மாதிரி இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் உன்னுடையதைவிட இது நன்றாகவே இருக்கிறது.

தட்டின் கதையைச் சொல்கிறேன். முதலில், ஒப்பிடுவதற்காகத் தட்டில் வைத்த தைச்சுங் நெல் போனது, அது போக வேண்டியதுதான், அது சாகாவிட்டால் சோதனையே இல்லை. பிறகு அதே மாதிரி வைத்த என் இந்திய நெல் போனது. அதைத் தின்றே வளர்ந்த கூட்டம், விடுமா? பிறகு ஊதாத் தண்டு வரிசைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்தன. எனக்குப் பசி எடுத்தது, நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனேன்.

பதினேழாம் வரிசை மட்டும் சாகவில்லை.

இன்று சாகும், நாளை சாகும் என்று பார்த்தேன். கட்டிலின் என் பக்கத்துப் பலகைகளும் அடுப்பில் போனது அப்போதுதான், கரி வண்டிக்காரன் வந்தும் பாதிதான் தந்தான். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். குஞ்சு ஏறுகிறது. அடித்தண்டில் உட்காருகிறது. ஊசி வாயை இறக்குகிறது. உடனே எடுத்துவிட்டு இன்னோர் இடத்தில் போய்க் குத்துகிறது. அங்கேயும் எடுக்கிறது. மேலே போகிறது, கீழே வருகிறது, நிம்மதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து குடிக்க முடியவில்லை. அடியில் வைத்த காகிதத்தில் பிசுக்குப் பொட்டுகூட இல்லை. உறிஞ்சினால்தானே பீய்ச்சும்! அந்தச் செடி அவற்றைக் கொல்லவும் இல்லை, துரத்தவும் இல்லை. தன் சாற்றை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று சும்மா நின்றது, அவ்வளவுதான். துங் அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "உன்னைப் பாக்குற மாதிரியே இருக்கு. நீயும் இப்படித்தான் ரெண்டு மாசமா குத்திக் குத்திப் பாக்குறே" என்றாள். எனக்கு அழுகை வந்தது. சிரித்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முரட்டுக் கூண்டுக்கு முன்னால் நின்ற முதல் நெல் அது. உன் நெல். வெய்யின் நெல்லும்தான்.

எங்கள் இருவரைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை. மௌ விழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார். துங் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "நான் எதையும் பாக்கலைப்பா. எனக்குக் கண்ணாடி மாத்தணும், கிட்டப் பார்வை சரியில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் இப்படி ஒரு நல்லவள் என்று எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லா வரிசையும் செத்துவிட்டது, வருத்தப்படாதே, வயலை உழுதுவிட்டு வீட்டுக்கு வா என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். உறையில் போட்டு, முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி மேசையில் வைத்துவிட்டுத் தபாலுக்குப் போகச் சட்டை மாற்றினேன்.

வாசலில் தபால்காரன் எதிரே வந்தான். தீவிலிருந்து எனக்கு ஒரு கடிதம். உன் கையெழுத்து இல்லை. வெய் எழுதியிருந்தான்.

"அன்புள்ள பெய்லின் அண்ணனுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறான். உன்னை அக்கா என்று எழுதியிருக்கிறான். எழுதுவான், எழுதுவதற்கு என்ன! ஆனால் கீழே ஒரு விஷயம் இருந்தது. அவன் சொன்னபடியே எடுத்து எழுதுகிறேன், நீ இல்லை என்று சொல்ல முடியாது: "விதையை எங்க ஊர்ல சோதிக்கலாம்னு நான்தான் சொன்னேன் அண்ணே. புருஷன் பொண்டாட்டி வேலையைச் சோதிச்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னு சொன்னேன். அக்கா ஒத்துக்கவே இல்ல. எம் புருஷன் மகா பொறாமைக்காரர், கோவம் வந்தா முரட்டுக் கூண்டைத்தான் திறப்பார், அதுல நின்ன நெல்லு எந்த ஊர் வயல்லயும் நிக்கும், அவருக்குத்தான் அனுப்பணும்னாங்க. கோவத்துல என்ன செஞ்சாலும் செய்வார், ஆனா நின்னதைச் செத்துச்சுன்னு மட்டும் எழுத மாட்டாருன்னும் சொன்னாங்க."

வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தேன். மேசையில் ஒட்டி வைத்த உறை இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

சுய்லான், அந்தக் காலுறை. அங்கே துணி கிடைக்காமலா அதை வெட்டினாய்? என் கண்ணில் பட வேண்டும், எனக்கு வயிறு எரிய வேண்டும் என்றுதானே அதில் கட்டி அனுப்பினாய்? படத்தைப் பலகையில் ஒட்டச் சொன்னதும் நீதானா? கேட்க வேண்டாம் என்று பார்த்தேன், கேட்டுவிட்டேன். பெண்டாட்டி கணவனிடம் செய்கிற வேலையா இது? நெல்லுக்குப் பூச்சி விடுகிற மாதிரி எனக்குள் பொறாமையை விட்டுவிட்டு, நான் என்ன செய்வேன் என்று தீவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னை இவ்வளவு தெரிந்தவள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அந்த உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன்.

பதினேழாம் வரிசை நிற்கிறது. முரட்டுக் கூண்டில், வழக்கத்துக்கு மேலே விட்ட பூச்சியில், பச்சையாக நிற்கிறது. வயலில் அதே எண் உள்ள வரிசையை வைத்துக்கொண்டு மற்றதை உழுதுவிடுங்கள். மௌவுக்கும் இப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், முரட்டுக் கூண்டை நான் ஏன் திறந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அந்தக் காலுறையைக் கழுவி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த வரிசை கதிர் விடும்போது மாட்டு. ஒரு மணிகூட உதிரக் கூடாது. இரண்டு இலையுதிர் காலத்துக்கு முன்னால் என் அண்ணன் வயல் புகையான் விழுந்து ஒரே வாரத்தில் தீய்ந்து வட்டம் வட்டமாகப் படுத்ததே, அவன் வரப்பில் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்றானே, அவனுக்கு இந்த விதையில் ஒரு பிடி எடுத்து வை.

வெய்க்கு என் வாழ்த்தைச் சொல். எந்தக் குரலில் சொல்வது என்று உனக்குத் தெரியும். அவன் மேல் எனக்குள்ள பொறாமை குறைந்துவிட்டது என்று நினைக்காதே, அது அப்படியே இருக்கிறது. நடுப்பகலில் உன் பக்கத்தில் நிற்கிறவன் அவன். நான் இங்கே பலகை இல்லாத இரண்டு பெஞ்சுகளோடு இருக்கிறேன்.

இனி நீ அங்கேயே இருப்பாய். அதற்குக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். அந்தத் தீவில் புகையான் எந்த மாதத்திலும் சாவதில்லை, அதற்கு அடுப்பு வேண்டாம், கூண்டு வேண்டாம், தானாகவே வளர்கிறது, அதை வளர்க்கிற வேலைக்கு அங்கே ஆளே தேவையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்றாலும், அந்தக் குழுவில் பூச்சி வளர்க்க ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பார். வெய்யிடம் கேட்காதே. நீயே யோசித்து, வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மட்டும் எழுது.

புது வருஷம் உனக்கும் உன் நெல்லுக்கும் நல்லபடியாக விடியட்டும்.

உன் கணவன்,
பெய்லின்